பொதுத்தேர்வுக்கு மாணவர் விவரமும் மதிப்பெண்ணும் ஏற்றும்போது வரும் சிக்கல்கள்: எது கண்ணில் பட்டால் என்ன செய்வது

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இயற்பியல் கருத்தியல் தாளில் 70-க்கு 16 வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். செய்முறையில் 20-க்கு 18. அகமதிப்பீட்டில் 10-க்கு 9. மொத்தம் 43. கருத்தியலில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 இருந்தால் தேர்ச்சி என்பதால் பையன் பாஸ். அந்த 9 மதிப்பெண் மட்டும் தேர்வுத் துறைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும்? 16-உம் 18-உம் சேர்ந்தால் 34. ஒரே ஒரு மார்க்கில் பெயில்.

விடைத்தாள் திருத்தியதில் தவறு என்றால் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று பிள்ளையே கேட்டு வாங்க வழி இருக்கிறது. நாம் அனுப்பிய விவரத்தில் தவறு என்றால், அது நம்மால் வந்தது என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, "நான் நல்லாத்தானே எழுதினேன்" என்று உட்கார்ந்திருக்கும்.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். பாடம் நடத்துவதோடு சேர்த்து "எமிஸ் வேலையும் நீங்களே பாத்துக்குங்க சார்" என்று தலைமை ஆசிரியர் ஒப்படைத்துவிட்ட புது ஆசிரியர்களை நினைத்து இதை எழுதுகிறேன். எமிஸ் என்பது மாணவர் விவரங்களை வைத்திருக்கும் பள்ளிக் கல்வித் துறைத் தளம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் எண் உண்டு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னும் பின்னுமாக நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியல், பிப்ரவரியை ஒட்டி பிராக்டிகல், கூடவே அகமதிப்பீடு, மார்ச்சில் தேர்வு, மே மாதம் ரிசல்ட். தேதிகளும் திரையில் இருக்கும் பொத்தான்களும் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறுகள் மட்டும் பெரும்பாலும் அதே கோளாறுகள்தான்.

பிள்ளை வகுப்பில் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

தேர்வுத் துறைத் தளத்தில் நாம் பெயர்களைப் புதிதாக அடிப்பதில்லை. எமிஸ்ஸில் இருப்பதுதான் அங்கே வந்து நிற்கிறது. அதனால் தேர்வுத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவதில் பயனில்லை. முதலில் எமிஸ்ஸில் அந்தப் பிள்ளையின் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நம் பள்ளிப் பெயரிலேயே இருக்கிறது, ஆனால் வகுப்பு பதினொன்று என்று காட்டுகிறது என்றால், ஜூன் மாதம் வகுப்பு உயர்த்தும்போது விட்டுப்போயிருக்கிறது. பழைய பள்ளியின் பெயரில் இருக்கிறது என்றால், அவர்கள் டி.சி. கொடுத்தார்களே தவிர, பொதுத் தொகுப்புக்கு, அதாவது காமன் பூலுக்கு, விடவில்லை. அந்தப் பள்ளிக்குப் போன் செய்து கேட்டால் பெரும்பாலும் அன்றைக்கே விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது ஒன்று நம் பக்கத்தில் அதிகம். கட்டட வேலைக்குப் பெங்களூர் போன குடும்பங்கள் இரண்டு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று போய் வந்துகொண்டிருப்பார்கள். பிள்ளை கர்நாடகாவில் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துவிட்டு வந்து சேரும். எமிஸ் எண் இல்லை என்று நினைத்து நாம் புது எண் உருவாக்கிவிடுவோம். பழைய எண் ஒன்று ஆரம்பப் பள்ளிக் காலத்திலேயே போட்டிருப்பார்கள். ஒரே பிள்ளை இரண்டு ஆளாகிவிடும். புது எண் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சின்ன வகுப்புல எந்த ஊர்ல படிச்சான்?" அவர் சொல்லும் ஊர்ப் பள்ளியில் விசாரித்தால் பழைய எண் கிடைத்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதற்கும் இந்தத் தொடர்ச்சிதான் ஆதாரம். நடுவில் எண் அறுந்துபோனால் அதை நிரூபிக்க அந்தக் குடும்பம் ஊர் ஊராக அலைய வேண்டும்.

பெயர் இருக்கிறது, எழுத்து வேறாக இருக்கிறது

அதிகத் தொல்லை இதில்தான். மாதேஸ்வரன் மலை சாமிக்கு நேர்ந்துகொண்டு பெயர் வைக்கும் ஊர்கள் நம்முடையவை. வகுப்புக்கு இரண்டு மாதேஷ், ஒரு மாதையன், ஒரு மாதம்மாள் இருப்பார்கள். தமிழில் மாதேஷ் ஒன்றுதான். ஆங்கிலத்தில் டி எழுத்துக்குப் பிறகு எச் போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள், டி-க்குப் பதில் தமிழ் உச்சரிப்பைப் பார்த்து வேறு எழுத்துப் போட்டும் எழுதுவார்கள். பிறப்புச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, எமிஸ்ஸில் ஒன்று. எது சரி என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. மேல்நிலைப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேர்க்கைப் பதிவேடும் பிறப்புச் சான்றும். இரண்டும் முரண்பட்டால் பெற்றோரை வரவழைத்து, அப்போதே தீர்த்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரிய பாடு.

முன்னெழுத்தில் தனியாகக் கவனம் வேண்டும். அப்பா பெயர் சென்னப்பன் என்றால் தமிழில் "செ". ஆங்கிலத்தில் சிலர் சி போடுவார்கள், சிலர் எஸ் போடுவார்கள். கோவிந்தன் என்றால் தமிழில் "கோ", ஆங்கிலத்தில் ஜி. அவசரத்தில் தமிழ்ப் பெயருக்கு முன்னால் "ஜி" என்று அடித்துவிட்டால், சான்றிதழில் அப்படியே வந்துவிடும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும், பள்ளியில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கல்லூரிக்குப் போய் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்க வேண்டிய பிள்ளைகளுக்கு, வங்கிக் கணக்குப் பெயரும் பள்ளிப் பெயரும் ஒத்துப்போகாமல் பணம் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பள்ளிப் பெயர் உறுதியானதும், ஆதாரை அதற்கேற்பத் திருத்தச் சொல்லி அந்த வருடமே அனுப்பிவிடுவது நல்லது.

உறுதிமொழிப் படிவம் என்று ஒன்று வாங்குகிறோமே, மாணவரும் பெற்றோரும் விவரங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, அதை நிறையப் பேர் சடங்காக ஆக்கிவிட்டார்கள். கட்டாகக் கொடுத்து, கட்டாகத் திரும்ப வாங்குவது. நான் செய்வது இது: பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். ஒவ்வொரு பிள்ளையையும் மேசைக்கு அழைத்து, தன் வரியைத் தானே விரலால் தொட்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல வைப்பேன். கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டு பாடவேளை ஆகும். ஒரு வருடம் இப்படிப் படிக்கும்போது ஒரு பெண் பாதியில் நிறுத்தினாள். விரல் எழுத்தின் மேலேயே நின்றது. "சார், இது எங்க அக்கா பேரு" என்றாள். இருவரும் ஒரே பள்ளி, எண்கள் அடுத்தடுத்து இல்லை, பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்று. அலுவலகத்தில் மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பட்டியல் அது. கணினி முன்னால் உட்கார்ந்து எத்தனை முறை பார்த்திருந்தாலும் அது பிடிபட்டிருக்காது.

தமிழ்ப் பெயர் புரியாத குறிகளாகத் தெரிகிறது

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியலிலிருந்து ஒட்டியிருக்கிறீர்கள். யூனிகோடில் அடித்தால்தான் தளம் ஏற்கும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பெயர் என்றால் திரும்ப அடித்துவிடுவதே வேகம்.

எமிஸ் எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக மாறியிருக்கிறது

எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை அப்படியே ஒட்டினால் கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும், எச்சரிக்கையும் தராது. ஒட்டுவதற்கு முன்னால் அந்த நெடுவரிசை முழுவதையும் "டெக்ஸ்ட்" என்று மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்ப வராது. 12 இலக்க ஆதார் எண் நடுவில் புள்ளியும் ஆங்கில எழுத்துமாகச் சுருங்கித் தெரிவதும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் எண் அழிவதில்லை. நெடுவரிசை வடிவத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

பயிற்று மொழியோ மொழிப்பாடமோ தவறாக இருக்கிறது

இதைக் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பயிற்று மொழி தவறினால் மூன்று இடத்தில் அடி விழும். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. ஆங்கில வழி என்று பதிந்திருந்தால் கட்டணக் கணக்கு இடிக்கும். இது சின்ன விஷயம், சீக்கிரம் தெரிந்துவிடும். அடுத்தது தேர்வு நாளன்று. வினாத்தாள் எண்ணிக்கை பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. மூன்றாவதுதான் பெரியது, அது வருடங்கள் கழித்துத் தெரியும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கேட்கப்படும் கல்வித் தகுதி வரை பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் உட்பட எல்லாமே தமிழ் வழியில் இருந்தாக வேண்டும். நாம் ஒரு கட்டத்தில் தவறாகத் தேர்ந்தெடுத்த ஒரு சொல், குரூப் 4 சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும்.

இரு வழியும் ஒரே பிரிவில் கலந்து உட்காரும் பள்ளிகளில் இந்தத் தவறு சுலபமாக நேரும். வகுப்பாசிரியரைக் கேட்காதீர்கள், பிள்ளையின் புத்தகத்தைப் பாருங்கள். எந்த மொழிப் புத்தகம் கொடுத்தோமோ அதுதான் பதில்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், சூளகிரி பக்கத்து ஆசிரியர்களுக்கு இதிலே கூடுதல் வேலை இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பிள்ளைகள் அங்கே உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் முதல் மொழி. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டா, தாய்மொழியை விருப்பப் பாடமாக எப்படிப் பதிவது என்பதை அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போன வருடப் பட்டியலைப் பார்த்து நகல் எடுப்பது இங்கே ஆபத்து. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இருந்த விதி தம்பிக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

பிள்ளை எந்தெந்தப் பாடங்கள் படிக்கிறது என்று காட்டும் பாடத்தொகுப்பு எண்ணும் இதே வகை. பதினொன்றாம் வகுப்பில் ஜூலை மாதம் கணினி அறிவியலிலிருந்து உயிரியலுக்கு மாறிய பிள்ளை யார் யார் என்று வகுப்பாசிரியரிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தவறு அந்த நாலைந்து பெயர்களில்தான் இருக்கும்.

பள்ளிக்கே வராத பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறது

2023 மார்ச் 13-ஆம் தேதி நடந்த பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்தது நினைவிருக்கும். எப்போதோ நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களும் பட்டியலில் இருந்தன என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. அதற்குப் பிறகு பல பள்ளிகளில் ஒரு பயம் வந்துவிட்டது. தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று நினைத்து, வராத பிள்ளையின் பெயரை முதலில் எடுத்துவிடுவோம் என்று பார்க்கிறார்கள்.

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். நம் மாவட்டங்களில் பிள்ளை வராமல் போவதற்குக் காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். பையன் அரையாண்டு லீவில் ஓசூர் கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்குப் போயிருப்பான். ஜனவரி கழிந்து புளி உலுக்கும் காலம் வந்தால், மரம் குத்தகை எடுத்த குடும்பத்தோடு பிள்ளையும் போய்விடும். புளி தட்டி முடித்ததும் திரும்பும். சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலைக் கிராமங்களில் மழை பெய்து பாதை கெட்டால் ஒரு வாரம் வர முடியாது. பெண் பிள்ளை என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரமே வேறு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்ய வேண்டிய அவசரம்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் படி வீட்டுக்குப் போவது. போன் எடுக்காவிட்டால் அதே ஊரிலிருந்து வரும் இன்னொரு பிள்ளையோடு போங்கள். ஒரு முறை ஏரியூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது, பையனின் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "பரீட்சைக்கு வரலாமாங்க? பேரு எடுத்துட்டாங்கன்னு சொன்னானே" என்றார். யாரோ சொன்னதை நம்பி அவன் இரண்டு மாதமாக வராமல் இருந்திருக்கிறான். பெயர் பட்டியலில்தான் இருந்தது. அடுத்த வாரம் பிராக்டிகலுக்கு வந்தான்.

பெயர் இருந்து தேர்வுக்கு வராமல் போன பிள்ளைக்கும் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு எழுத வழி உண்டு. பெயரையே எடுத்துவிட்டால் அடுத்த வருடம் தனித்தேர்வராக முதலிலிருந்து தொடங்க வேண்டும், அப்படித் தொடங்கிய பிள்ளைகளை நான் அதிகம் பார்க்கவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டது, ஐ.டி.ஐ.-யில் சேர்ந்துவிட்டது என்று தாளில் ஆதாரம் இருந்தால் மட்டும் நீக்கத்துக்குக் கொடுங்கள். நீக்கக் கோரும் கடிதத்தில் என்றைக்கு வீட்டுக்குப் போனோம், யாரைப் பார்த்தோம் என்பதையும் எழுதுங்கள்.

செய்முறை மதிப்பெண் ஒரு வரி தள்ளிப்போயிருக்கிறது

பார்த்த மாத்திரத்தில் தெரியாது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும், எல்லா எண்ணும் 20-க்குள் இருக்கும், தளமும் பச்சை காட்டும். அடையாளம் இப்படி இருக்கும்: வராத பிள்ளைக்கு நேராக 17 இருக்கும், அதற்கு மேலேயோ கீழேயோ நன்றாகச் செய்த பிள்ளைக்கு நேராக "வரவில்லை" என்று இருக்கும். அல்லது கடைசிப் பெயருக்கு மட்டும் மதிப்பெண் காலியாக நிற்கும்.

காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஆய்வகத்தில் எழுதிய தாள் பாட்ச் வரிசையில் இருக்கும், தளம் பதிவெண் வரிசையில் இருக்கும். நடுவில் ஒரு பெயர் நீக்கப்பட்டிருந்தால் அதற்குக் கீழே எல்லாமே ஒரு படி ஏறிவிடும். இன்னொன்று எக்செலில் பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவது. பெயர்கள் நகரும், மதிப்பெண்கள் நகராது. இதை நானே ஒரு வருடம் செய்தேன். புறத்தேர்வாளர் பாலக்கோட்டுக்குக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார், கரண்ட் போய் வந்தது, இரவு எட்டு மணிக்கு ஒரே ஆளாக உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். மறுநாள் காலை வேதியியல் ஆசிரியை தாளை வாங்கி முதல் பெயரைப் பார்த்ததும், "இவனுக்கு 19 நான் போடவே இல்லையே" என்றார். அவருக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும். அதனால்தான் பிழைத்தது.

அன்றிலிருந்து இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையை நான் தொடுவதில்லை. ஒருவர் கையெழுத்துத் தாளிலிருந்து பதிவெண்ணையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வாசிக்க வேண்டும், பெயரை வாசிக்கக் கூடாது, ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். மற்றவர் அடிக்க வேண்டும். முடிந்ததும் தாளில் உள்ள மதிப்பெண்கள் எல்லாவற்றையும் கால்குலேட்டரில் கூட்டி, திரையில் உள்ளவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் வரி தள்ளிப்போயிருக்கலாம் என்பதால், வராதவர்களின் பதிவெண்களைத் தனியாக எழுதி அந்தக் கட்டங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவை இடத்தில் இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் இடத்தில் இருக்கும். அதன் பிறகு முதல், நடு, கடைசி என்று மூன்று பெயர்களைப் பாட ஆசிரியரிடம் மனப்பாடமாகக் கேளுங்கள்.

உயிரியலில் தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் தனித்தனியாகப் போடுவதால் கூட்டலில் பிழை வரும். அந்தப் பாடத்துக்கு மட்டும் கூட்டிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே கணினிக்கு எடுத்து வாருங்கள்.

வராதவருக்குப் பூஜ்ஜியம் விழுந்திருக்கிறது

தேர்வுக்கு வராததும், வந்து ஒன்றும் செய்யாததும் ஒன்றல்ல. கட்டத்தைக் காலியாக விட்டால் தளம் நகரவில்லை என்று பூஜ்ஜியம் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வராதவருக்கு உரிய குறியைத்தான் போட வேண்டும். அதற்கு முன்னால், உண்மையிலேயே வராதவர்தானா என்று பாருங்கள். கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழா நடக்கும் காலமும் பிராக்டிகல் காலமும் ஒட்டி வரும். கையில் அடிபட்டு அரசு மருத்துவமனையில் கிடக்கும் பையனை அடுத்த பாட்ச்சில் சேர்த்துக்கொள்ள முடியும், அந்தச் சுற்று முடிவதற்குள் கேட்டால். முடிந்த பிறகு கேட்டால் முடியாது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இது இன்னும் முக்கியம். செய்முறையில் 25-க்கு குறைந்தது 15, கருத்தியலில் 75-க்கு குறைந்தது 20 என்று தனித்தனியாக எடுத்தாக வேண்டும். கருத்தியலில் 60 வாங்கினாலும் செய்முறை இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை.

அகமதிப்பீட்டில் யாருக்கோ 6, 7 என்று குறைந்து நிற்கிறது

பத்து மதிப்பெண்ணில் வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாட்டுக்கு 2. எந்தப் பகுதி குறைகிறது என்று பாருங்கள். வருகை குறைகிறது என்றால், வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளையா என்று கேளுங்கள். பழைய பள்ளியில் வந்த நாட்களைச் சேர்க்காமல் கணக்குப் போட்டிருப்பார்கள். ஒப்படைவு குறைகிறது என்றால் பிள்ளை கொடுத்த நோட்டு ஆசிரியரின் அலமாரியில் திருத்தாமல் இருக்கக்கூடும். இணைச் செயல்பாட்டில் பூஜ்ஜியம் என்றால் எனக்குக் கோபமே வரும். பள்ளி மைதானத்தில் ஒரு முறைகூட ஓடாத பிள்ளை, காலை வழிபாட்டில் ஒரு முறைகூட நிற்காத பிள்ளை எங்கே இருக்கிறது?

செய்முறை இல்லாத பாடங்களில் கருத்தியல் 90-க்கு, அதில் குறைந்தது 25. ஒரு பிள்ளை 27 வாங்கி இந்த 10-இல் 8 வாங்கினால் 35, தேர்ச்சி. வரலாறு, வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த விளிம்பில்தான் நிற்கிறார்கள்.

எல்லாம் ஏற்றினேன், மறுநாள் பார்த்தால் ஒன்றுமே இல்லை

சேமித்தது வேறு, சமர்ப்பித்தது வேறு. அல்லது நடுவில் தளம் உங்களை வெளியே தள்ளிவிட்டது, நீங்கள் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு பிரிவு முடிந்ததும் சேமியுங்கள், வெளியே வாருங்கள், திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள். இருந்தால்தான் அடுத்த பிரிவு. ஒரே கடவுச்சொல்லில் இரண்டு கணினியில் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்யாதீர்கள்.

கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு மாநிலமே அந்தத் தளத்தில் இருக்கும். விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். சிக்னல் வராத மலைப் பள்ளி ஆசிரியர்கள் அரூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ இறங்கித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லி, வெளியேறி, இறக்கிய கோப்புகளையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். அதில் பிள்ளைகளின் ஆதார் எண் இருக்கிறது.

கண் தெரியாத பிள்ளைக்கு உதவியாளர் வரவில்லை

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் தானாக வராது. அடையாள அட்டை எமிஸ்ஸில் ஏறியிருப்பது மட்டும் போதாது. விண்ணப்பம் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே போக வேண்டும். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் நிறைய. எழுதும் வேகம் குறைவாக இருக்கும் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே அதன் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

தளம் பூட்டிய பிறகு தவறு தெரிகிறது, அல்லது ரிசல்ட்டே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது

மறைக்காதீர்கள், தள்ளிப் போடாதீர்கள். இரு தேர்வாளர்களும் கையெழுத்திட்ட மதிப்பெண் தாளின் நகல், வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்கம், சேர்க்கைப் பதிவேட்டின் நகல், தலைமை ஆசிரியரின் கடிதம் ஆகியவற்றோடு மாவட்ட அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். கடிதத்தில் பதிவெண், பாடம், இப்போது இருப்பது, இருக்க வேண்டியது என்று ஒரே பத்தியில் இருக்கட்டும். தவறு பள்ளியுடையது என்ற வரியும் இருக்கட்டும். அந்த வரி இருந்தால் அங்கே இருப்பவர்கள் கேள்வி கேட்டு நேரத்தைச் செலவழிக்க மாட்டார்கள்.

இதற்காகத்தான் கையெழுத்துத் தாள்களின் நகலைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல், குறைந்தது அடுத்த ரிசல்ட் வரும்வரை பீரோவில் வைக்கச் சொல்கிறேன். ரிசல்ட் குறுஞ்செய்தி நாம் பதிந்த கைபேசி எண்ணுக்குத்தான் போகும் என்பதால், பிப்ரவரியிலேயே அந்த எண்களுக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிடுவதும் நல்லது. சிம் மாற்றுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று, பிள்ளையை அந்த அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். மே மாதம் பொறியியல் விண்ணப்பம், கலைக் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பஸ் காசுக்கு மாந்தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை அது. காலை முதல் பஸ்ஸில் நாமே போக வேண்டும். போய்விட்டு வந்து, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.